பரவால்லீங்க

2022 ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆர்.எஸ்.புரம் அன்னபூர்ணாவில் எங்கள் டீம் பதினோரு பேரும் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். டீமின் டெஸ்டருக்கு அன்று கடைசி நாள். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு நேராக வந்திருந்தார். சாம்பார் இட்லி, காபி, குரூப் போட்டோ எல்லாம் முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அவருடைய கணவர் வண்டியில் வந்துகொண்டிருந்தார். கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் மிச்சம். இன்னொரு காபி சொன்னேன்.

"ஏன் போறீங்கன்னு நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்கலாமா?"

"கேளுங்ணா."

"சம்பளமா?"

"சம்பளமுந்தாங்ணா. அங்க முப்பது பர்சென்ட் சேத்தித் தர்றாங்க." காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஆனா அது மட்டுந்தான்னு சொன்னா பொய்யி. நீங்க ஒருநாளும் என்னத் திட்டுனதில்ல. லீவு கேட்டு இல்லைன்னதில்ல. அதெல்லாம் வெளிய போய்ப் பெருமையாச் சொல்லுவேன். ஆனா அஞ்சு வருசமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியலீங்ணா."

"என்ன இப்படிச் சொல்றீங்க. நல்லாத் தெரியுமே."

"அப்பச் சொல்லுங்க பாக்கலாம்." சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். "எல்லா ரிலீஸும் நீங்கதானே பாத்தீங்க. ரெக்ரஷன் எல்லாம்..." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஐந்து வருடம் எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர். அவர் குழந்தையின் பெயர் தெரியும், பிறந்தநாள் தெரியும், அப்பாவுக்கு எந்த வருடம் பைபாஸ் நடந்தது என்று தெரியும். அவர் செய்த வேலையில் ஒன்றே ஒன்றைக் குறிப்பாகச் சொல்லச் சொன்னால் தெரியவில்லை.

பில் வந்தது. பாய்ந்து எடுத்துக்கொண்டேன். அந்தச் சாயங்காலத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

*

உண்மையில் எனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அன்று இரவு வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

2019-ல் எங்களுக்கு அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு வாடிக்கையாளர். மாதச் சந்தா வசூலிக்கும் தொழில். இரவு ஒன்றரை மணிக்கு ஒரு பில்லிங் ஜாப் ஓடும். அன்றைக்குப் பணம் எடுக்க வேண்டியவர்களின் கார்டுகளிலிருந்து எடுத்துவிடும். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் இவர் என் மேஜைக்கு வந்து, "ஏங்ணா, நவம்பர்ல அங்க மணியத் திருப்பி வெப்பாங்களாமே, அப்ப இந்த ஜாப் ரெண்டு தடவ ஓடுமுங்களா?" என்றார்.

அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி ஆனதும் கடிகாரத்தை ஒன்றுக்குத் திருப்பிவிடுவார்கள். அதாவது அந்த ஒரு இரவில் மட்டும் ஒன்றரை மணி இரண்டு தடவை வரும். எனக்கு அது தெரியும். ஆனால் அதை எங்கள் ஜாப்போடு சேர்த்து யோசித்ததில்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றேன். நான் வேறு எதிலோ மூழ்கியிருந்தேன். அவர் விடவில்லை. டெஸ்ட் சர்வரின் தேதியை நவம்பர் 3-க்கு மாற்றிவைத்து ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவை ஓடியது. ஒரே ஆளிடம் இரண்டு தடவை பணம். லாக்கை எடுத்துக்கொண்டு மறுபடி என் மேஜைக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் நான் ஒரு டெவலப்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னேன்.

நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. நம்மூர் நேரம் காலை பதினொரு மணிக்கு ஜாப் ஒரு தடவை ஓடியது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஓடியிருக்க வேண்டியது, ஓடவில்லை. அவர் வீட்டிலிருந்தே லாகின் செய்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பன்னிரண்டு ஐந்துக்கு "ஓடலீங்ணா" என்று மெசேஜ் வந்தது. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

மறுநாள் வாடிக்கையாளரோடு கால். "நேர மாற்றத்தில் ஒரு ஆபத்து இருப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம்" என்றேன். அந்தப் பக்கம் மகிழ்ச்சி. அந்த வாரமே என்னைப் பாராட்டி ஒரு மெயில், என் மேலாளருக்கும் சேர்த்து. அதை டீமுக்கு ஃபார்வர்ட் செய்து, "எல்லாம் டீம் எஃபர்ட்" என்று ஒரு வரி எழுதினேன். அப்போது அது பெருந்தன்மையாகவே எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், ஒருவர் செய்ததைப் பதினோரு பேருக்குப் பங்கு போட்டால் அது களவுதான். நயமாகச் செய்த களவு.

2020 மார்ச்சில் ரேட்டிங் மீட்டிங். எங்களுடையது டி.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த கிளை. தலைமை அலுவலகம் சென்னை. முடிவெல்லாம் அங்கேதான். பெல் கர்வ் என்று ஒரு ஏற்பாடு. டீமில் எத்தனை பேர் பிரமாதம், எத்தனை பேர் சுமார் என்று முன்கூட்டியே எண்ணிக்கை வந்துவிடும். ஆட்களை அதற்குள் நாம் அடைக்க வேண்டும். இவர் பெயர் வந்தபோது, "இவங்க என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டார்கள். "நல்லாப் பண்ணுவாங்க. ரொம்ப சின்சியர்" என்றேன்.

எங்கள் துறையில் சின்சியர் என்பது சொல்ல வேறு எதுவும் இல்லாதபோது சொல்லும் சொல். அவருக்குச் சுமார் கிடைத்தது. அந்த வருடம் பிரமாதம் வாங்கியது ஒரு டெவலப்பர் தம்பி. சர்வர் படுத்த நாளில் இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்து எழுப்பியவன். அந்த சர்வரைப் படுக்கவைத்ததும் அவன் எழுதிய கோடுதான் என்பதை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தீயை அணைக்கிறவன் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறான். தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறவர் அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருப்பார். அவர் செய்த வேலையின் விளைவு, ஒன்றும் நடக்காமல் போவது. அதைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். நான் மெனக்கெடவில்லை.

*

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். கோயமுத்தூர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள் ஆயிற்றே?

ஆமாங்க. எங்கள் வாயில் 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்கடையில், பஸ்ஸில், சண்டையில்கூட 'ங்க' உண்டு. "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை இடித்தவனை அடிப்போம். பெற்ற பிள்ளையை 'வாங்க சாமி, போங்க கண்ணு' என்று கூப்பிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சென்னையில் வேலை பார்த்த மூன்று வருடத்தில் அது இல்லாமல் தவித்திருக்கிறேன்.

ஆனால் மரியாதையும் பாராட்டும் வேறு வேறு. மரியாதை எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும். எதிரில் இருப்பவர் யார், என்ன செய்தார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாராட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் எங்களுக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் உச்சபட்சப் பாராட்டு 'பரவால்ல' என்பதுதான். கல்யாணச் சாப்பாடு அமிர்தமாக இருந்தால் 'பரவால்லீங்க'. மகன் மாவட்டத்தில் முதலாவதாக வந்தால் 'பரவால்ல'. கூடச் சொன்னால் கண்ணு பட்டுவிடும், தலைக்கு ஏறிவிடும், இனிமேல் பாடுபடமாட்டான் என்று பல பயங்கள்.

எனக்குக் கேம்பஸில் வேலை கிடைத்த அன்று அப்பா சொன்னதும் அதுதான். "பரவால்ல." சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "தம்பி, உங்கப்பா அன்னைக்கிக் கடையில இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தாருங்க" என்றார். எங்கள் ஆட்கள் பாராட்டாதவர்கள் இல்லை. பாராட்டு யாருக்குப் போகவேண்டுமோ அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான். அந்த டெஸ்டரைப் பற்றி என் மனைவியிடம் எத்தனையோ தடவை, "அவங்க இல்லைன்னா எங்க பொழப்பு நாறிடும்" என்று சொல்லியிருக்கிறேன். என் மனைவிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

*

அப்பா ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் பதினேழு வருடம் டர்னராக இருந்தார். பம்பு செட்டுக்கான ஷாஃப்ட்டுகளை லேத்தில் கடைவது வேலை. ஆயுத பூஜை நோம்பிக்கு என்னையும் கூட்டிப்போவார். முதல் நாளே மிஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தரையில் கிடக்கும் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளி, விபூதிப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். வாசலில் வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்த பிறகு மொதலாளி தாம்பாளத்தோடு வருவார். அதில் பொரி, கடலை, வேட்டி துண்டு, ஒரு கவர்.

அவர் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடமாட்டார். மிஷின் மிஷினாக நடந்து வருவார். ஒவ்வொரு மிஷின் முன்னாலும் நின்று ஏதாவது சொல்வார். ஒரு வருடம் அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அந்த எஸ்எஸ் ஷாஃப்ட்டு ஆர்டர்ல ஒண்ணுகூடத் திரும்பி வரலையப்பா. உன்ற கைதான்." அவரும் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர். துருப்பிடிக்காத எஃகைக் கடையும்போது டூல் எப்படிச் சூடேறும், கடைசி வெட்டில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. அன்று திரும்பி வரும்போது அப்பா சைக்கிளை ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டே வந்தார். அவ்வளவு நேரம் அந்த வார்த்தையோடு இருக்க வேண்டும்போல இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். 2008-க்குப் பிறகு மின்வெட்டு கோவையின் சிறு பட்டறைகளை ஒடித்துப்போட்டது. நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது அந்தப் பட்டறையும் மூடியது. பி.எஃப். பணம் எடுக்கலாம் என்று போனபோதுதான், பல வருடங்களுக்குப் பணமே கட்டப்படவில்லை என்று தெரிந்தது. என் கடைசி வருட ஃபீஸுக்கு அம்மாவின் வளையல் போனது.

அப்பா இன்றைக்கும், "அவுரு நல்ல மனுசன். என்ற கையப் பத்தி அவுருக்குத் தெரியும்" என்பார். எனக்குக் கோபம் வரும். உன் கையைப் பற்றித் தெரிந்தவருக்கு உன் பி.எஃப். பற்றித் தெரியாதா என்று கேட்பேன். அப்பா பதில் சொல்லமாட்டார். அவர் மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்பதையும், அந்தப் பலத்தை வைத்து ஒருவரை எவ்வளவு தூரம் ஏய்க்க முடியும் என்பதையும் நான் ஒரே ஆளிடம் பார்த்துவிட்டேன். அதனால் பாராட்டைப் பற்றி யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் எனக்கு முதலில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கத் தோன்றும்.

*

இந்த ஊருக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. மில்லோடு சங்கமும் வந்தது. அந்தப் போராட்டக் காலத்தில், 1946 ஜனவரி 8-ம் தேதி, சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளர்கள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். 'தீவாளி போனஸ்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது மொதலாளி மனது குளிர்ந்து தரும் இனாமாக இருந்தால் போதாது என்று வாதாடிய தலைமுறைகள் இருந்தன. 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம் என்பது பிறகு அந்தச் சட்டத்துக்குள் நிலைத்தது. நன்றியைத் தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள், கணக்கை முதலில் முடியுங்கள் என்பதுதான் அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஐ.டி. ஆட்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். 2015 திருத்தத்தில்கூட மாதம் 21,000 ரூபாய்தான் அதன் வரம்பாக இருந்தது. எங்களுக்கு வேரியபிள் பே, ஸ்பாட் அவார்ட், கண்ணாடிக் கேடயம். 2022-ல் சென்னையில் ஒரு நிறுவனம் ஊழியர்களுக்கு நூறு கார்கள் கொடுத்தது. இன்னொன்று ஐந்து பேருக்கு பி.எம்.டபிள்யூ. செய்தியைப் படித்துவிட்டு எல்லாரும் அவரவர் மேனேஜரைத் திட்டினோம்.

2025 தொடக்கத்தில் வந்த செய்தி எங்கள் ஊர்ச் செய்தி. கோவையிலும் லண்டனிலும் இயங்கும் கோவை டாட் கோ என்ற மென்பொருள் நிறுவனம் 140 ஊழியர்களுக்குச் சுமார் 14.5 கோடி ரூபாய் போனஸ் தருகிறது என்றார்கள். சரவணகுமார் 2011-ல் தொடங்கிய நிறுவனம். வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தது. 2022 டிசம்பர் 31-க்குள் சேர்ந்தவர்கள் மூன்று வருடம் முடித்தால் ஆண்டுச் சம்பளத்தில் பாதி என்று 2022-லேயே சொல்லியிருக்கிறார்கள். முதல் தொகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு 2025 ஜனவரிச் சம்பளத்தோடு வந்துவிட்டது. பங்குகளாகத் தருவதைப் பற்றியும் யோசித்திருக்கிறார். நிறுவனம் சந்தைக்கு வராதவரை அல்லது முதலீடு வராதவரை அது காகிதப் பணம்தான் என்று பட்டதால் ரொக்கமாகவே தந்திருக்கிறார்.

காலேஜ் வாட்ஸப் குழுவில் அன்று முழுக்க இதே பேச்சு. அவரவர் சம்பளத்தை இரண்டால் வகுத்துப் பார்த்தோம். எனக்கு அந்தத் தொகையைவிட அதன் வடிவம் பிடித்திருந்தது. என்ன தொகை, யாருக்கு, எந்தத் தேதியில் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, சொன்னபடி கொடுப்பது. இதில் யாரும் யார் முகத்தையும் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மொதலாளி மனது மாறினாலும் கணக்கு மாறாது. அப்பாவின் பட்டறையில் இல்லாமல் போனது இதுதான்.

இன்னொன்றும் உறுத்தியது. 2022. அந்த டெஸ்டர் என் எதிரில் காபியை ஆற்றிக்கொண்டிருந்த அதே வருடம், அதே ஊர்.

சரி, அவருக்குப் பாதி வருடச் சம்பளத்தைக் கொடுத்திருந்தால் இருந்திருப்பாரா? இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டியெடுத்து 1959-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். வேலையில் எப்போது மிகவும் நன்றாக உணர்ந்தீர்கள், எப்போது மிகவும் மோசமாக உணர்ந்தீர்கள் என்பதே கேள்வி. மோசமான நாட்களின் கதைகளில் நிறுவன விதிகள், மேலதிகாரி, சம்பளம் எல்லாம் வந்தன. நல்ல நாட்களின் கதைகளில் சாதித்ததும், அதை ஒருவர் கண்டுகொண்டதும் வந்தன. இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் இல்லை, இரண்டு தனித்தனித் தராசுகள் என்றார் ஹெர்ஸ்பர்க். அவர் ஆய்வு முறையைப் பற்றிப் பின்னால் நிறையச் சண்டை நடந்தது. ஆனால் அப்பாவையும் அந்த டெஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. அப்பாவுக்கு ஒரு தராசு நிறைந்திருந்தது, மற்றது காலி. இவருக்கு நேர்மாறு.

*

டீம் லீட் ஆனவுடன் எல்லாரையும் ஒரு பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதில் தவறாமல் ஒரு ஸ்லைடு வரும்: 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி எண்ணிக்கையை நிறுத்தச் சொன்னது. நிபுணர்கள் போகலாம் என்றார்கள், கலாம் போகலாம் என்று முடிவெடுத்தார். ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். அடுத்த வருடம் ஜூலை 18-ல் ரோகிணி சுற்றுப்பாதைக்குப் போனதும், பத்திரிகையாளர்களைப் போய்ப் பாருங்கள் என்று கலாமை அனுப்பியவரும் அவரே. கலாமே பல மேடைகளில் சொன்ன கதை.

நான் இதை நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கலாமின் இடத்தில் வைத்துத்தான் கேட்டிருக்கிறேன். நமக்கு இப்படி ஒரு தலைவர் வாய்க்கவில்லையே என்று. அன்று அந்த அறையில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் மேனேஜர்கள். எங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் உட்காரவேண்டிய நாற்காலி தவனுடையது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தவன் சொன்னது பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. எந்த நாளில் மைக் முன்னால் யார் உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2019 நவம்பரில் என் முன்னால் இருந்ததும் ஒரு சின்ன மைக்தான். ஹெட்செட்டில் இருந்தது. "இதைக் கண்டுபிடிச்சவங்க இங்கதான் இருக்காங்க, அவங்களே சொல்லட்டும்" என்று சொல்ல ஐந்து நொடி ஆகியிருக்கும்.

*

இப்போது வேறு நிறுவனம், வேறு டீம். ஒன்பது பேர். அலுவலகம் சரவணம்பட்டிப் பக்கம், வீடு ஆர்.எஸ்.புரம் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை. அன்று சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு நோட்டில் எழுதுகிறேன். சாதாரண நாற்பது பக்க நோட்டு. ஒரு ஆளுக்கு ஒரு வரி. இந்த வாரம் இவர் என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது, அல்லது என்ன நடக்காமல் போனது. ஒருவர் பெயருக்கு நேராக எழுத ஒன்றும் இல்லையென்றால் அது பெரும்பாலும் என் குறை. திங்கட்கிழமை அவரிடமே போய் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

இது லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. முதல் மாதம் ஒரு தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ அந்தக் கொயரிய மாத்தி எழுதுனதுல ரிப்போர்ட் நாப்பது செகண்டுலருந்து மூணு செகண்டுக்கு வந்துருச்சு. எக்ஸிக்யூஷன் பிளான படிச்சுப் பாத்துத்தான் பண்ணிருக்க, அது தெரியுது" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, எதாச்சும் பிரச்சனையாங்ணா? என்ன வேற டீமுக்கு மாத்தறாங்களா?" என்று கேட்டான். நல்ல சேதி சொல்வதற்கென்று அவனை யாரும் தனியாகக் கூப்பிட்டதே இல்லை.

ஒரு பெண், எல்லார் முன்னாலும் பெயர் சொல்லாதீர்கள், கூச்சமாக இருக்கிறது, எழுதி அனுப்புங்கள் போதும் என்றார். இன்னொருவருக்கு நான் சொல்வது முக்கியமே இல்லை. அவர் செய்தது வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் போதும். ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பொதுவாக ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: 'சூப்பர்', 'கலக்கிட்டீங்க' என்பதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அந்த ஷாஃப்ட்டு ஆர்டர், உன்ற கை என்று குறிப்பாகச் சொன்னதைத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடுவரை கொண்டுபோகிறார்கள்.

நோட்டின் பெரிய உபயோகம் மார்ச் மாதம் தெரிகிறது. ரேட்டிங் மீட்டிங்குக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன். பெல் கர்வ் போகவில்லை, இங்கேயும் இருக்கிறது. ஆனால், "இவங்க என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டால் தேதியோடு படிக்கிறேன். எதிரில் இருப்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். போன வருடம் இரண்டு பேருக்கு ஒரு படி ஏற்றிவாங்க முடிந்தது. ஒருவருக்கு முடியவில்லை, அதை அவரிடம் நேராகச் சொன்னேன். இந்த மீட்டிங்கில் வாய் திறக்காமல் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் நானும் தாம்பாளத்தோடு வரும் மொதலாளிதான்.

வேறு சில சில்லறை மாற்றங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை ரிலீஸ் கிடையாது, செவ்வாய்க்கிழமைதான். ஏதாவது உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை யாருடைய ஒரம்பரை வீட்டு விசேஷமும் கெடக்கூடாது. இரவு ஒன்பதுக்கு மேல் மெசேஜ் எழுதினால் காலைக்கு ஷெட்யூல் போட்டுவிடுகிறேன். பாராட்டில் நெளிகிறவர்கள்கூட இதில் நெளியவில்லை.

சில வெள்ளிக்கிழமைகளில் சந்தேகம் வரும். நான் இவர்களை மதித்துத்தான் எழுதுகிறேனா, இல்லை, இவர்கள் விட்டுப் போய்விடாமல் இருக்க எழுதுகிறேனா? நிறுவனத்துக்கு லாபம் இல்லாத எதையும் எந்த நிறுவனமும் என்னைச் செய்யவிடாது என்பது எனக்குத் தெரியும். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஒருவர் வேறு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லும்போதும் அதே நோட்டிலிருந்து எடுத்து ஒரு நல்ல சிபாரிசு எழுதித் தருகிறேன். அது ஒன்றுதான் எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை.

*

போனஸ் செய்தி வந்த வாரம் ஒருநாள் உட்கார்ந்து அந்த டெஸ்டருக்கு ஒரு மெயில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்கவில்லை. "அன்னைக்கு அன்னபூர்ணாவுல நீங்க கேட்டதுக்குப் பதில் இது. லேட்டாயிடுச்சு" என்று தொடங்கி, ஐந்து விஷயங்களை வரிசையாக எழுதினேன். பழைய மெயில்களையும் என் வாட்ஸப்பையும் இரண்டு இரவு தோண்டி எடுத்தது. முதலாவது நவம்பர் 3. கடைசியாக, ரேட்டிங் மீட்டிங்கில் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதினேன்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்தது. இங்கே அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

"அண்ணா, படிச்சேன். வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன். பரவால்லீங்ணா, ஞாபகம் வெச்சிருக்கீங்க. ஆனா நாலாவது நான் பண்ணலீங்க. அந்த பேக்கப் ஓடலைன்னு கண்டுபிடிச்சது மூலையில உக்காந்திருந்தாரே, காண்ட்ராக்ட்ல வந்த தம்பி, அவருங்க. நான் மெயில் மட்டுந்தான் போட்டேன். அவருக்கு மெயில் ஐடி இன்னும் வரலைன்னு என்னப் போடச் சொன்னாரு."

அந்தத் தம்பி எங்களோடு எட்டு மாதம் இருந்தான். காண்ட்ராக்ட் நீட்டிப்புக்கு வந்தபோது, டீமில் யாருக்கும் ஆட்சேபணை இல்லையே என்று கேட்டு, நீட்டிக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான்.

அவன் நம்பர் அவரிடம் இருந்தது. வாங்கிக்கொண்டேன். அவன் பேரைப் போனில் சேமிக்கும்போது, இனிஷியல் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் அவரிடமே கேட்டேன்.